கடைசிக் கட்டத்து மல்லாட்டை

நேற்று சாயங்காலம் திண்டிவனம் ஸ்டேஷனில் இறங்கியதும் சென்னைக்காரர்கள் வேர்க்கடலை என்கிற நம் மல்லாட்டை ஒரு பொட்டலம் வாங்கினேன். வறுத்த மணலின் சூடு இன்னும் போகவில்லை. பாதி தின்ற பிறகுதான் பொட்டலத்தைப் பார்த்தேன். பச்சைக் கோடு போட்ட அகலக் காகிதம். வரிசை வரிசையாக எண்கள். சென்னையில் நம் கம்ப்யூட்டர் மிஷின் அடித்துத் தள்ளிய காகிதம். ஒரு எண்ணைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலில் வட்டம். வட்டத்துக்குப் பக்கத்தில், உன் கையெழுத்தில், ஒரே சொல்: "ஏன்?"

கடைக்காரரிடம் திரும்பிப் போனேன்.

"இந்தக் காகிதம் உங்களுக்கு எங்கங்க கெடச்சுது?"

"விழுப்புரத்துலேருந்து பழைய பேப்பர்காரன் கொண்டாந்து போட்டான் சார். நல்லா கெட்டியா கீது. இன்னா, கொட்டை சொத்தையா?"

"கொட்டை நல்லாத்தான் இருக்குது. மிச்சக் காகிதத்தைக் குடுங்க."

"குடுத்துட்டு நான் எதுல மடிக்கிறது?"

கையிலிருந்த அன்றைய செய்தித்தாளைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, மிச்சமிருந்த நாலைந்து தாளைத் தந்தார். படித்த பைத்தியம் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

உன் அம்மாமேல் எனக்குக் கோபம் இல்லை. அவங்களுக்கு அது காகிதம். மகன் போன வீட்டில் மூலையில் கிடக்கிற காகிதத்தைப் பார்த்துக்கொண்டே எத்தனை நாள் இருக்க முடியும், பழைய பேப்பருக்குப் போட்டிருப்பாங்க. என் கோபம் வேறு ஆள்மேல். அந்த "ஏன்?" என்ற கேள்விக்கு நீ பதில் கண்டுபிடித்தாய். பதிலை வாங்கி வைத்துக்கொண்டு உன்னை வெளியே நிறுத்தினார்கள். இப்போது நீ கேள்வியே கேட்காத பிள்ளை என்று பேசுகிறார்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன். உனக்கு எழுதி என்ன ஆகப்போகிறது என்று கேட்காதே. வேறு யாருக்கும் எழுதினால் பாதியில் கிழித்துவிடுவேன்.

சனிக்கிழமை எழும்பூரில் ஒரே பெட்டியில் ஏறுவோம். எனக்குத் திண்டிவனம் முதலில் வந்துவிடும். நீ விழுப்புரம்வரை போவாய், லோகோ ஷெட்டுக்குப் பின்னால் இருந்த ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு. உன் அப்பா ஷெட்டில் ஃபிட்டர். ஒவ்வொரு முறை நான் இறங்கும்போதும் ஜன்னல் வழியாகக் கத்துவாய்: "இறங்குடா, இறங்கு. உங்க ஊர்ல வண்டி ஏதோ போனாப் போவுதுன்னு நிக்குது. எங்க ஊர் ஜங்ஷன்டா. எல்லா வண்டியும் நின்னு தண்ணி குடிச்சுட்டுத்தான் போவணும்." பெட்டியே சிரிக்கும். எனக்கு எரிச்சலாக வரும். இப்போது அந்த ஜன்னல் பக்கம் நான் உட்காருவதில்லை.

நாம் செய்த வேலை என்னவென்று நம் இரண்டு ஊரிலும் ஒருவருக்கும் தெரியாது. ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்றால் வாயைப் பிளப்பார்கள். நீ சொல்லும் விளக்கம் எனக்குப் பிடிக்கும்: "சத்திரத்து மணியக்காரரு மாதிரி. வர்ற புரோகிராமுக்கு மெமரியில எடம் ஒதுக்கிக் குடுக்கணும். அது வேலையை முடிச்சுக்கினு கிளம்பினதும், எடத்தைப் பெருக்கித் துடைச்சு அடுத்தவனுக்குக் குடுக்கணும். முன்னால தங்கினவன் துணிமணி பின்னால வர்றவன் ரூம்ல கெடக்கக் கூடாது." அவ்வளவுதான். அந்த மணியக்காரரை நாம் எழுதிக்கொண்டிருந்தோம். எழுதி முடித்து, துளையிட்ட கார்டுக் கட்டாக நகல் எடுத்து, அதே மிஷின் வைத்திருந்த மற்ற அலுவலகங்களுக்கு அனுப்ப வேண்டும். முதலில் வாங்கப் போவது ஒரு பரீட்சை அலுவலகம். பிள்ளைகளின் மார்க்குகளைக் கூட்டி முடிவு அடிக்கிற இடம். ரிலீஸுக்கு நாள் குறித்தாகிவிட்டது. பெரிய மனிதர் வருகிறார், ரிப்பன் கட்டுகிறார்கள். நம் பிரிவுத் தலைவருக்கு நீ "ரிப்பன்" என்றே பெயர் வைத்தாய்.

ரிப்பனுக்குச் சுத்தம் முக்கியம். எந்தச் சோதனை ஓட்டத்துக்கும் முன்னால் ஆப்பரேட்டர் மெமரி முழுவதையும் பூஜ்யமாக்கிவிட வேண்டும். வாசல் தெளித்துக் கோலம் போட்ட மாதிரி. அதற்குப் பிறகுதான் நம் சிஸ்டத்தை ஏற்ற வேண்டும். எல்லாச் சோதனையும் தேறியது. பிறகு ஒருநாள் ஆப்பரேட்டர் தாமதமாக வந்தார். சர்க்கரை ஆலையின் கரும்புக் கணக்கு ஓடி முடிந்த மெமரியில், கழுவாமலே, பரீட்சைக் கணக்கின் மாதிரி ஓட்டத்தை நாம் ஏற்றினோம். கடைசித் தாளுக்கே வராத ஒரு மாணவிக்கு அந்தத் தாளில் மார்க் விழுந்திருந்தது. அதைச் சுற்றித்தான் நீ அந்த வட்டத்தைப் போட்டாய்.

"இது மார்க் இல்லடா," என்றாய், காகிதத்தை முகத்துக்கு அருகில் வைத்துக்கொண்டு. "யாரோ ஒரு ஆளோட கரும்பு வண்டி எடை."

ரிப்பனிடம் போனோம். கழுவிவிட்டுத் திரும்ப ஓட்டச் சொன்னார். ஓட்டினோம். சரியாக வந்தது. "பார்த்தீங்களா? சரியாத்தானே வருது? எதுக்கு இந்தக் கலவரம்?" என்றார்.

அப்போது நீ சொன்னதை நான் வார்த்தை மாறாமல் சொல்வேன். "சார், கழுவின தட்டுல சோறு போட்டுப் பாத்துட்டு, எங்க வீட்டுல தட்டு கழுவறோம்னு சொல்லிக்கினு இருக்கோம். தட்டைக் கழுவினது ஆப்பரேட்டரு. நம்ம சிஸ்டம் கழுவுதான்னு இதுவரைக்கும் நாம பாக்கவே இல்ல."

ரிப்பனுக்கு முகம் சிவந்தது. "அப்படியே இருந்தாலும் என்ன? ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவுல மிஷினை அணைச்சுப் போடச் சொல்லிக் குறிப்புல எழுதிடலாம். எல்லாம் போயிடும்."

ரேடியோவை அணைத்தால் பாட்டு நின்றுவிடும், அந்த அறிவு அவருக்கு. நம் மிஷினின் மெமரி இரும்புத்தூள் வளையங்களால் ஆனது. கடுகு அளவு வளையம், அதன் நடுவே கம்பி. மின்சாரம் போனாலும் அந்த வளையம் கடைசியாக எந்தப் பக்கம் காந்தம் ஏறி நின்றதோ அப்படியே நிற்கும். இதைப் பிரிவுத் தலைவருக்கு நீ சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாய். நம்பவில்லை. மறுநாள் பரீட்சை அலுவலகத்து அதிகாரிகள் பார்வையிட வந்தபோது, அவர்கள் எதிரிலேயே "மதியம் மிஷினை அணைத்துவிட்டால் மெமரி தானாகச் சுத்தமாகிவிடும்" என்று அவர் பெருமையாகச் சொன்னார். நீ கன்ஸோலில் உட்கார்ந்து ஒரு சொல்லைப் போட்டாய். மிஷினை அணைக்கச் சொன்னாய். எல்லோரும் சாப்பிடப் போனார்கள். திரும்பி வந்ததும் போடச் சொன்னாய். பிரிண்டர் கடகடவென்று அடித்தது: இங்கிலீஷ் எழுத்தில், விழுப்புரம்.

வந்திருந்த அதிகாரிகளில் ஒருவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்குத்தான் உனக்குத் தண்டனை. ரிப்பன் உன்னை அறைக்குக் கூப்பிட்டு, "யங் மேன், உங்களுக்கு இதயம் பலவீனம்னு கேள்விப்பட்டேன். ரிலீஸ் வேலை உங்களுக்குத் தாங்காது. ஊருக்குப் போய் உடம்பைப் பார்த்துக்கங்க," என்றார். சின்ன வயதில் வந்த காய்ச்சல் உன் இதயத்தில் விட்டுப்போன கோளாறு அதுவரை அந்த அலுவலகத்தில் ஒருவருடைய கவலையாகவும் இருந்ததில்லை. கரும்பு எடை மார்க்காக மாறியதும் உன் உடம்புமேல் எவ்வளவு அக்கறை! அந்த வாரம் நான் தனியாக ரயிலில் வந்தேன். கைப்பை முழுக்க மெமரியின் அச்சுக் காகிதம், அதோடு நீ வட்டம் போட்ட தாள். திருட்டுத்தனமாகத்தான் எடுத்துவந்தேன். அதற்காக இன்றும் வருத்தமில்லை.

திங்கட்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. நீ விழுப்புரத்திலிருந்து எங்கள் ஊருக்கு வண்டி ஏறி வந்தாய். மிஷின் நம் கையில் இல்லை, காகிதம் மட்டும் இருக்கிறது. எங்கள் களத்தில் மல்லாட்டை காய்ந்துகொண்டிருந்தது. நீ சுற்றிப் பார்த்துவிட்டு, அடுப்புக்கரி கேட்டாய். களத்தின் ஒரு ஓரத்தில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டாய். ஒவ்வொரு கட்டமும் மெமரியில் ஒரு இடம். கட்டத்தில் மல்லாட்டை இருந்தால் முன்னால் தங்கினவனின் மிச்சம். இல்லாவிட்டால் சுத்தம். நீ நம் புரோகிராமை ஒவ்வொரு இன்ஸ்ட்ரக்‌ஷனாகப் படிப்பாய். நான் மிஷின். நீ படிப்பதை மட்டும் செய்ய வேண்டும்.

அம்மா மோர் கொண்டுவந்து நின்று பார்த்தாங்க. "ஏண்டா, படிச்ச பசங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போவாம பல்லாங்குழி ஆடிக்கினு கீறீங்க?"

"பல்லாங்குழி இல்லம்மா, ரிலீஸ் வேலை," என்றாய் நீ.

"ரிலீஸா? எந்தக் கொட்டாயில? யாரு படம்?"

"எங்க பெரிய ஆபீஸருதாம்மா கதாநாயகன். அடி வாங்கற வேஷம் மட்டும் எங்களுது."

அம்மாவுக்கு உன்னை அன்றைக்கே பிடித்துப் போய்விட்டது. அதற்குள் எங்கள் ஆடு வந்து மெமரியில் பாதியை மேய்ந்துவிட்டது. நான் கல்லை எடுத்தேன். நீ சிரித்துக்கொண்டே திரும்ப மல்லாட்டையை நிரப்பினாய். "வுடு. ஆடு தின்னா மிஷின் கோளாறு. அதுக்கு நாம பொறுப்பில்ல."

துடைக்கும் பகுதியைத் திரும்பத் திரும்ப ஓட்டினோம். ஒவ்வொரு தடவையும் எல்லாக் கட்டமும் சுத்தம். எனக்குப் பொறுமை போய்விட்டது. வெயில் ஏறிவிட்டது. "உன் புரோகிராமும் சரி, ரிப்பன் சொல்றதும் சரி, நாமதான் பைத்தியம்," என்று கத்தினேன். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"டேய். கடைசிக் கட்டத்துல இருந்தது எங்க?"

"எது?"

"மல்லாட்டை. வாயைத் தொற."

நான் மென்றுகொண்டிருந்தேன். களத்தில் பிறந்து வளர்ந்தவன், கண்ணெதிரே ஒற்றை மல்லாட்டை கிடந்தால் கை தானாகப் போகும், உடைத்து வாயில் போட்டுக்கொள்ளும். ஒவ்வொரு சுற்றிலும் அப்படித்தான் நடந்திருக்கிறது.

"தின்னுன்னு எந்த இன்ஸ்ட்ரக்‌ஷன்ல போட்டிருக்குது?"

"ஒண்ணே ஒண்ணுதானேடா."

"அந்த ஒண்ணைத்தான்டா இத்தினி நாளா தேடிக்கினு கீறோம்!"

எழுந்து நின்றாய். மூச்சு வாங்கியது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. இந்தத் தடவை என் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு நீயே மிஷினாக இருந்தாய். கட்டம் கட்டமாகத் துடைத்துக்கொண்டு வந்தது நம் புரோகிராம். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும், "முடிவுக்கு வந்தாச்சா? வந்தாச்சு. நிறுத்து" என்றது. வந்தது சரி, அந்தக் கட்டத்தைத் துடைத்தாயா என்று கேட்கவே இல்லை. ஒரே ஒரு மல்லாட்டை அங்கே கிடந்தது. கடைசித் தாளுக்கு வராத அந்தப் பெண்ணின் மார்க்குக்கான இடம் அந்தக் கட்டத்தில்தான் வந்து விழுந்திருந்தது; அதில் எழுதப் புது மார்க் இல்லாததால் பழைய கரும்பு எடை அப்படியே நின்றுவிட்டது.

நான் குதித்தேன். நீ குதிக்கவில்லை. "நீ மல்லாட்டை தின்னதும் ஆப்பரேட்டரு காலையில கழுவறதும் ஒண்ணுதான்டா. சுத்தம் பண்றோம்னு நெனச்சுக்கினு தப்பை மூடிக்கினு கீறோம்," என்றாய்.

திருத்தம் ஒரே ஒரு கார்டு. துடைத்துவிட்டுக் கேள், கேட்டுவிட்டுத் துடைக்காதே. மறுநாள் சென்னையில் அந்தக் கார்டைத் துளையிட்டு எடுத்துக்கொண்டு ரிப்பன் அறைக்குப் போனேன்.

"கட்டுக்கு சீல் வெச்சாச்சு. அழைப்பிதழ் போயாச்சு," என்றார், தலை நிமிராமல்.

"சீலைப் பிரிக்கலாம் சார். மார்க்கு மாறிப் போனா அந்தப் பொண்ணுகிட்ட எந்த அழைப்பிதழைக் காட்டுவீங்க?"

"ரிலீஸுக்கு அப்புறம் பார்ப்போம்."

"அப்ப நான் பரீட்சை அலுவலகத்துக்குப் போய்ச் சொல்றேன். அன்னிக்கு சிரிச்சாரே, அவர்கிட்டயே சொல்றேன்."

அப்போதுதான் நிமிர்ந்தார். கையை நீட்டினார். கார்டை வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டுக்கொண்டார். அன்று சாயங்காலமே சீல் பிரிந்தது, கார்டு உள்ளே போனது, திரும்ப சீல் விழுந்தது. விழாவில் மைக்கைப் பிடித்துச் சொன்னார்: "எங்களுடைய கடுமையான சோதனை முறைக்கு ஒரு பிழைகூடத் தப்பவில்லை." கைதட்டினார்கள். உனக்கு அழைப்பு இல்லை. நான் கைதட்டவில்லை. என்னால் முடிந்தது அவ்வளவுதான் என்று நினைக்கும்போது இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

அந்த ஞாயிறு விழுப்புரம் வந்து உன் வீட்டில் எல்லாவற்றையும் கொட்டினேன். நீ தலையணையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாய். ரிப்பன் பேசியதைச் சொன்னபோது உனக்குச் சிரிப்புதான் வந்தது. "அவரு ரிப்பன் வெட்டிக்கினு போவட்டும். கார்டு உள்ள போச்சுல்ல? அது சரி, சோதனைக்கு முன்னாடி கழுவறதை நிறுத்திட்டாங்களா?"

"இல்ல. இனிமேல் இன்னும் நல்லாக் கழுவணும்னு சுற்றறிக்கை வந்திருக்குது."

உன் அம்மா தட்டில் வைத்திருந்த இட்லியைத் தள்ளிவிட்டாய். நீ அவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "அப்ப இன்னாத்தடா சரி பண்ணீங்க? ஒரு மல்லாட்டையை எடுத்தீங்க. இன்னும் எத்தினி கெடக்குதோ, எவனுக்குத் தெரியும்?" உன் அப்பா வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். நீ குரலைத் தணித்தாய். "கேளு. கழுவாதே. அழுக்காக்கு. சோதனைக்கு முன்னாடி எல்லாக் கட்டத்துலயும் ஒரே பேரைப் போட்டு ரொப்பு. அப்புறம் ஓட்டு. எங்கயாவது தொடைக்காம வுட்டிருந்தா அந்தப் பேரே எழுந்து வந்து நிக்கும்."

"எந்தப் பேரு?"

"விழுப்புரம்தான். இங்கிலீஷ்ல பத்து எழுத்து, ஒரு கட்டத்துக்குள்ள அச்சா அடங்குது."

"திண்டிவனமும்தான் அடங்குது." விரல்விட்டு எண்ணிக் காட்டினேன்.

"அடங்கட்டும். ஜங்ஷன் எதுடா?"

மழைக்காலம் முடிவதற்குள் நீ போய்விட்டாய். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில், வளவனூர் வருவதற்கு முன்பே. எனக்குத் தந்தி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அலுவலகத்தில் இரங்கல் கூட்டம் போட்டார்கள். ரிப்பன் பேசினார். "அமைதியான பிள்ளை. யாரையும் எதிர்த்து ஒரு சொல் பேசி அறியாதவர்."

எழுந்துவிட்டேன். "பேசினான் சார். உங்களைத்தான் எதிர்த்துப் பேசினான். அவன் பேசினதாலதான் உங்க சிஸ்டம் நிக்குது." பின்னாலிருந்து யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். "உக்காருப்பா, துக்கத்துல இருக்கே," என்றார்கள். துக்கமாம்! உன்னைச் சாதுவாக்கி மாலை போட்டால் நீ கேட்ட கேள்வியும் உன்னோடு சேர்ந்து எரிந்துபோகும் என்று நினைக்கிறார்கள். நீ சாது இல்லை. விருந்தாளிகள் எதிரில் மேலதிகாரி சொன்னதைப் பொய் என்று மிஷினை வைத்தே அடித்துக் காட்டினவன். அதைச் சொல்லிப் புகழ ஒருவருக்கும் வாய் வரவில்லை.

சரி, இதைக் கேள். சிஸ்டத்தின் அடுத்த பதிப்பு தயாராகிவிட்டது. திரும்பவும் நாள் குறித்தாயிற்று, ரிப்பன் கட்டப் போகிறார்கள். சோதனைச் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டியவன் இப்போது நான். வெள்ளிக்கிழமை காலை சீக்கிரம் போனேன். ஆப்பரேட்டர் வழக்கம்போல் கழுவ உட்கார்ந்தார். "நகருங்க, நான் பாத்துக்கறேன்," என்றேன். மெமரி முழுக்க, ஒரு கட்டம் விடாமல், உன் ஊர்ப் பெயரைப் போட்டு நிரப்பினேன். பிறகு சிஸ்டத்தை ஏற்றி, பரீட்சைக் கணக்கை ஓட்டினேன்.

பிரிண்டர் அடித்துக்கொண்டே வந்தது. எண், எண், எண். எல்லாம் சரி. காகிதம் தரையில் மடிந்து விழுந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு வரியில், மார்க் இருக்க வேண்டிய இடத்தில், விழுப்புரம்.

"இன்னா சார்," என்றார் ஆப்பரேட்டர், "மிஷினு டிக்கெட்டு அடிக்குதா?"

நீ இந்த இடத்தில் நான் உவமை சொல்லக் கூடாது என்பாய். சொல்லவில்லை. புதிதாகச் சேர்த்த பகுதியில் எங்கோ துடைக்காமல் விட்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

ரிப்பனிடம் காட்டினேன். காகிதத்தைத் தொடவே இல்லை. "கழுவிட்டு ஓட்டுங்க. திங்கட்கிழமை கையெழுத்து வேணும்," என்றார். காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

நாளைக்குத் திங்கட்கிழமை. காலை வண்டியில் போகிறேன். மல்லாட்டைப் பொட்டலத்தைப் பிரித்து, நீவி, மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். மணல் கறை படிந்திருக்கிறது, ஆனாலும் உன் "ஏன்?" நன்றாகத் தெரிகிறது. உன்னை அனுப்பின மாதிரி என்னை உடம்பைப் பார்த்துக்கொள்ள ஊருக்கு அனுப்ப அவரால் முடியாது. என் இதயத்துக்கு ஒன்றும் இல்லை. வேறு காரணம் தேடட்டும். கையெழுத்து எங்கே என்று கேட்டால் அந்தத் தாளை மேஜைமேல் விரித்து வைப்பேன். வைத்துவிட்டுச் சொல்வேன்: "விழுப்புரம் வந்திருக்குது சார். இங்க நிக்காம எந்த வண்டியும் போவாது."